காதுவலி என்று நினைத்தேன்... வாதம் இருந்தது தாடையில்!

ஒரு கொட்டாவி விட்டேன். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது!

சிரிக்காதீர்கள். 2019 ஜூன் மாதம், ஒரு மத்தியான வேளை. எட்டு மாதக் குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே பெரிதாக ஒரு கொட்டாவி விட்டேன். வலது காதுக்கு முன்னால் 'சுரீர்' என்று வலித்தது. வாயை மூடுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராத்திரி சோறு மெல்லும்போதும் அதே இடத்தில் அதே வலி.

"காதுல தண்ணி போயிருக்கும். பிள்ளை பெத்தவ தலைக்கு ஊத்திக்கிட்டு ஈரத்தோட நின்னா வேற என்ன ஆகும்?" என்றார் அத்தை. பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிக் காதில் இரண்டு சொட்டு விட்டார். (இந்த வைத்தியத்தை இப்போது யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காதின் சவ்வில் ஓட்டை இருந்தால் எண்ணெய் பெரிய உபத்திரவம் செய்துவிடும்.) வலி போகவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். விளக்கை அடித்துப் பார்த்தவர், "காது சுத்தமா இருக்கும்மா" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சுத்தமாக இருக்கிற காதுக்கு எதற்குச் சொட்டு மருந்து என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது பல் டாக்டர். கடைவாய்ப் பல் ஒன்றில் சின்னச் சொத்தை இருந்தது உண்மைதான். "இதுதான் காதுக்கு இழுக்குது, எடுத்துடலாம்" என்றார். எடுத்துவிட்டோம். ஈறு ஆறியது, வலி ஆறவில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் இடது பக்கமும் சேர்ந்துகொண்டது. காலையில் எழுந்தால் வாய் திறக்காது. இட்லியை விரல் நுனி அளவு பிட்டு உள்ளே தள்ள வேண்டியிருந்தது. வாயைத் திறந்து மூடினால் காதுக்குள் 'நறநற' என்று, அம்மிக்கடியில் மணல் சிக்கின மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட என் கணவர், "என்னம்மா, கல்லைக் கடிச்சிட்டியா?" என்றார்.

என் தங்கை ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கும் தன் சிநேகிதியைக் கேட்டாள். பல் பிடுங்குகிற பிரிவுக்குப் போகாமல், வாய் நோய்களைக் கண்டுபிடிக்கிற பிரிவு என்று தனியாக ஒன்று இருக்கிறது, அங்கே போங்கள் என்றாள். அப்படி ஒரு பிரிவு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கதவுக் கீலும் மேஜை டிராயரும்

அங்கே இருந்த டாக்டரம்மா உடனே படம் எடுக்கவில்லை, மருந்தும் எழுதவில்லை. என் விரலைப் பிடித்துக் காதுக்கு முன்னால் வைத்து, "வாயைத் திறந்து மூடுங்க" என்றார். நீங்களும் இப்போதே செய்து பாருங்களேன். காது மடலுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் சின்னக் குருத்தெலும்புக்கு ஒரு விரற்கடை முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்தால், உள்ளே ஏதோ உருண்டு முன்னால் நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே எலும்பின் இரு முனைகள் என்பதால் ஒன்றை விட்டு ஒன்று தனியாக வேலை செய்ய முடியாது.

மற்ற மூட்டுகளைப் போல இது வெறும் கீல் அல்ல. வாயைக் கொஞ்சம் திறக்கும்போது கதவுக் கீல் மாதிரி திரும்புகிறது. இன்னும் திறந்தால் மேஜை டிராயர் மாதிரி முன்னால் சறுக்குகிறது. தாடை எலும்பின் உருண்டை முனைக்கும் மண்டை எலும்பின் குழிக்கும் நடுவே, குழாய்க்குள் போடுகிற வாஷர் போல ஒரு தட்டு இருக்கிறது. மூட்டைச் சுற்றி ஒரு உறை. அதன் உட்புறச் சவ்வு வழவழப்பான நீரைச் சுரந்து எண்ணெய் போட்டுக்கொண்டே இருக்கும். சாப்பிட, பேச, கொட்டாவி விட, எச்சில் விழுங்க என்று நாள் முழுக்க இதற்கு ஓய்வே கிடையாது. நம்மைப் போலத்தான்!

காதுக் குழாய் இந்த மூட்டுக்கு நேர் பின்னால் இருக்கிறது. அதனால்தான் மூட்டில் வலித்தால் காதில் வலிப்பதாகத் தோன்றுகிறது. காதுவலி என்று வருகிறவர்களில் சிலருக்குக் கோளாறு தாடையில் இருக்கலாம் என்று 1934-லேயே காஸ்டன் என்ற அமெரிக்கக் காது வைத்தியர் எழுதினாராம். அவர் சொன்ன காரணங்களைப் பிற்பாடு வந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் காதையும் தாடையையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் அவரால் பரவியது. என்னுடைய கடைவாய்ப் பல்லுக்குத்தான் அது எட்டவில்லை.

டாக்டரம்மா ஒரு சின்ன ஸ்கேலை எடுத்தார். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வைத்து, எவ்வளவு திறக்கிறது என்று அளந்தார். 24 மில்லிமீட்டர்! பெரியவர்களுக்குச் சாதாரணமாக 40-க்கு மேல் திறக்க வேண்டுமாம். வீட்டில் ஸ்கேல் தேட வேண்டாம். உங்களுடைய ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் சிரமமில்லாமல் போனால் சரி. எனக்கு ஒன்றரை விரல்தான் போயிற்று. போகாவிட்டால் பலவந்தமாக நுழைக்காதீர்கள்.

பிறகு கண்ணாடியைக் கையில் கொடுத்து வாயைத் திறக்கச் சொன்னார். என் கீழ்த்தாடை நேராக இறங்காமல் வலது பக்கம் கோணிக்கொண்டு இறங்கியது. ஒரு பக்கத்து மூட்டு சரியாகச் சறுக்காவிட்டால் தாடை அந்தப் பக்கமே இழுக்கும். ஸ்டெதாஸ்கோப்பைக் காதுக்கு முன்னால் வைத்துக் கேட்டார். கன்னத்துச் சதை, நெற்றிப் பொட்டு, கழுத்து என்று ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தார்.

எதெல்லாம் வாதம் அல்ல

"தாடை வலின்னு வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மூட்டுல ஒண்ணுமே இருக்காதும்மா. சதைதான் வலிக்கும்" என்றார். கவலையிலோ கோபத்திலோ பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டே இருப்பவர்கள், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள், இவர்களுக்குக் கன்னத்துச் சதை கல் மாதிரி ஆகிவிடும். அது வாதம் இல்லை. 'டக் டக்' என்று சொடுக்குகிற சத்தம் மட்டும் இருந்து, வலியும் இல்லை, வாயும் நன்றாகத் திறக்கிறது என்றால் அதற்கு வைத்தியமே வேண்டியதில்லையாம். எத்தனையோ பேருக்கு அந்தச் சத்தம் உண்டு.

அடுத்த கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "பாக்கு போடற பழக்கம் உண்டா?"

எனக்குக் கிடையாது. ஆனால் ஏன் கேட்டார் தெரியுமா? பாக்கையும் பாக்குத் தூள் பொட்டலங்களையும் மென்றுகொண்டே இருப்பவர்களுக்கு, கன்னத்தின் உட்புறத் தோல் வெளுத்து, நார் நாராய் இறுகி, வாய் திறக்காமலே போகும். அவர்களுக்குக் காரம் பட்டால் வாய் எரியும். மூட்டில் கோளாறு இராது. அது நாளடைவில் புற்றுநோயாக மாறவும் கூடும். வாய் திறக்கவில்லை என்று வந்தால், கன்னத்தை உள்ளே தடவிப் பார்க்காமல் அனுப்பக் கூடாதாம். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வெற்றிலைதானே என்று பாக்கோடு போடுகிற நம் வீட்டுப் பெரியவர்களையும் ஒரு தடவை கவனியுங்கள்.

சில சமயம் தாடை வலி அவசர சமாசாரமாகவும் இருக்கலாம் என்றார். மாடி ஏறும்போது தாடையில் வலி, கூடவே மார்பில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்கல் என்றால் அது இதயம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 50 வயது தாண்டியவர்களுக்கு மெல்ல மெல்லத் தாடை வலித்து, நெற்றிப் பொட்டு தொட்டால் வலித்து, புதிதாகத் தலைவலியும் பார்வைக் கோளாறும் வந்தால் அது ரத்தக் குழாய் வீக்கமாக இருக்கலாம். நாள் கடத்தினால் கண் போய்விடும்.

கையைக் காட்டுங்க!

எல்லாம் பார்த்து முடித்த பிறகு, "உங்க கையைக் காட்டுங்க" என்றார். வாய் வலி என்று வந்தவளிடம் கையைக் கேட்கிறாரே! நீட்டினேன். விரல்களின் அடிமூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் அழுத்தியபோது 'ஆ' என்று கத்திவிட்டேன்.

"காலையில எழுந்ததும் விரல் மடங்குதா? மோதிரம் கழட்ட முடியுதா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. மாதக்கணக்காகக் காலையில் குழந்தையின் சட்டை பட்டன் போட முடியவில்லை. துணியைப் பிழிய முடியாமல் அப்படியே கொடியில் போடுவேன். பால் பாத்திர மூடியைத் திறக்கக் கணவரைக் கூப்பிடுவேன். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சரியாகிவிடும். பிரசவித்த உடம்பு, ராத்தூக்கம் கிடையாது, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். வாய்க்கு மூன்று டாக்டரைப் பார்த்தேனே, கையைப் பற்றி ஒருவரிடமும் வாயே திறக்கவில்லை!

முடக்குவாதம் என்கிற ருமட்டாய்ட் ஆர்த்ரைடிஸ் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். பிரசவமான பிறகு வரும் மாதங்களில் முதன்முதலாகத் தலைகாட்டுவதும் உண்டு. வழக்கமாகக் கை, கால் விரல்களில்தான் ஆரம்பிக்கும். தாடைக்குப் பெரும்பாலும் பின்னால்தான் வரும். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, எலும்பையே அரிக்கத் தொடங்கும். தாடை முனை அதிகம் தேய்ந்துவிட்டால் முன்பற்கள் ஒன்றோடொன்று சேராமல் நடுவில் இடைவெளி விழும். முறுக்கை முன்பல்லால் கடிக்க முடியாது.

வயதாவதாலும் பழைய அடியாலும் வருகிற தேய்மான வாதம் வேறு. அது பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். காலையில் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு, அரை மணிக்குள் விட்டுவிடும். வேலை செய்யச் செய்ய, பொழுது சாயச் சாய வலி கூடும். முடக்குவாதம் அதற்கு நேர் எதிர். இரண்டு பக்கமும் வரும், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் இருக்கும், அசைய அசையத் தளரும். கூடவே அசதி, லேசான ஜுரம், பசியின்மை. ஆகவே "எப்போ வலிக்குது?" என்று டாக்டர் கேட்டால், "எப்பவும்தான்" என்று அலுத்துக்கொள்ளாமல் நேரம் பார்த்துச் சொல்லுங்கள். பாதி நோய் அதிலேயே பிடிபடும்.

அங்கிருந்து மூட்டுவாத நிபுணரிடம் அனுப்பினார்கள். ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் அதிகம். அவை உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும் சொல்லும்; எந்த இடம், என்ன நோய் என்று சொல்லாது. ஆர்.ஏ. ஃபாக்டர் எனக்கு 'நெகடிவ்'. அதைப் பார்த்ததும், "நல்ல வேளை, வாதம் இல்லை" என்று ரிப்போர்ட் வாங்கி வந்த கணவர் சந்தோஷப்பட்டார். டாக்டர் தலையை ஆட்டினார். நோய் இருப்பவர்களிலும் சிலருக்கு அது நெகடிவாக இருக்கும்; நோயே இல்லாத சிலருக்கு பாசிடிவாக இருக்கும். ஆன்டி சி.சி.பி. என்று இன்னொரு பரிசோதனை செய்தார்கள். அது அழுத்தமான பாசிடிவ்.

தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எலும்பு அரித்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியுமாம். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது இரண்டு மூட்டிலும் நீர் கோத்திருப்பதும், சவ்வு தடித்திருப்பதும் தெளிவாகத் தெரிந்தது. எலும்பு அவ்வளவாகக் கெடவில்லை. "சரியான சமயத்துல வந்திருக்கீங்க" என்றார். ஒரு பல் போன பிறகு வந்ததுதான் சரியான சமயம் போலும்!

தாய்ப்பாலா, மாத்திரையா?

டிசம்பரில் மருந்து எழுதும் முன் டாக்டர் கேட்டார்: "இன்னும் தாய்ப்பால் கொடுக்கறீங்களா? அடுத்த குழந்தை வேணும்னு இருக்கீங்களா?"

முடக்குவாதத்துக்கு முதலில் நினைக்கிற மருந்து மெத்தோட்ரெக்ஸேட். வலியைக் குறைப்பதோடு மூட்டு அரிப்பதையும் தடுக்கிறது. ஆனால் கர்ப்பத்தில் இருக்கும் சிசுவுக்கு அது பெரிய கேடு. தாய்ப்பால் கொடுக்கும்போதும் கூடாது. என் பெண்ணுக்கு அப்போது பதினாலு மாதம். பகலில் சோறு, இட்லி எல்லாம் சாப்பிடுவாள். ராத்திரி மட்டும் பால் வேண்டும். வீட்டுக்கு வந்து அன்று முழுக்க அழுதேன். என் வலிக்காகக் குழந்தையின் பாலை நிறுத்துவதா? "எனக்கும் உன் வீட்டுக்காரரைப் பதினோராம் மாசமே மறக்கடிக்க வேண்டி வந்துச்சு. அவன் என்ன குறைஞ்சா போயிட்டான்?" என்று அத்தைதான் தேற்றினார்.

டாக்டர் அவசரப்படுத்தவில்லை. தாய்ப்பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை முதலில் கொடுத்தார். மெதுவாக, ஆறு வாரத்தில் பாலை மறக்கடித்த பிறகு மெத்தோட்ரெக்ஸேட் சேர்த்தார். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டிய மருந்து. இதைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்! தவறித் தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எங்கள் வீட்டுக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சிவப்பு வட்டம் போட்டிருப்பேன். ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். அவ்வப்போது ரத்த அணுக்களும் ஈரலும் சரியாக இருக்கின்றனவா என்று பரிசோதனை. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்கு நல்லது என்று ஊரெல்லாம் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை வாங்கிக் குவித்தபோது, எங்கள் தெரு மருந்துக் கடையில் எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று கடை அலைந்து என் கணவர் பத்து மாத்திரை வாங்கி வந்தார்.

இதனோடு வீட்டு வைத்தியமும் உண்டு. துணியில் சுற்றிய இளஞ்சூடான ஒத்தடம், பத்துப் பதினைந்து நிமிஷம். குழைந்த சாதம், இடியாப்பம், கீரை மசியல், கேழ்வரகுக் கூழ், பப்பாளி. கரும்பு, சீடை, பரோட்டா, கடலை மிட்டாய் எல்லாம் விலக்கு. கொட்டாவி வந்தால் மோவாய்க்கு அடியில் முஷ்டியை வைத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். அசையாமலே வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும் என்பதால், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடுகிற பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். இதெல்லாம் துணைதான். மருந்தை விட்டுவிட்டு ஒத்தடத்தை மட்டும் நம்பினால், வலி அடங்கினாலும் உள்ளே அரிப்பது நிற்காது.

நான் பயந்து பயந்து கேட்ட ஒரு கேள்வி: "என் பொண்ணுக்கும் வருமா?" குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு சற்று அதிகம், வந்தே தீரும் என்பதில்லை என்றார். ஆனால் குழந்தைகளுக்கே உரிய மூட்டுவாதம் தனியாக ஒன்று இருக்கிறது. அது தாடையைத் தாக்கினால் பல குழந்தைகளுக்கு வலியே தெரியாது. தாடை வளர்வதற்கான குருத்து இந்த மூட்டு முனையில்தான் இருப்பதால், மோவாய் வளராமல் உள்ளடங்கிப் போகும், அல்லது முகம் ஒரு பக்கமாகக் கோணும். ஆறு வாரத்துக்கு மேல் குழந்தைக்கு முழங்காலோ கணுக்காலோ வீங்கியிருந்தால், காலையில் நொண்டி நொண்டி நடந்தால், விழுந்திருப்பாள் என்று விட்டுவிடாதீர்கள். அந்த வாதம் உள்ள குழந்தைகளுக்குச் சிவப்போ வலியோ இல்லாமலே கண்ணுக்குள் அழற்சி வரும். அதனால் கண் டாக்டரிடமும் தவறாமல் காட்ட வேண்டும்.

2022-ல் இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்பட்டோம். மூன்று மாதம் முன்பே மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தி, கர்ப்பத்துக்கு ஒத்துவரும் மருந்துகளுக்கு மாற்றினார் டாக்டர். கர்ப்பமாக இருந்த மாதங்களில் தாடை வலி, கை வலி எதுவுமே இல்லை! பலருக்கு அப்படித்தான் அடங்குமாம். பிரசவத்துக்குப் பிறகு திரும்ப வரும் என்றும் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். 2023 மார்ச்சில் பையன் பிறந்தான். ஏழாவது வாரம் காலையில் மோதிரம் கழலவில்லை. இந்தத் தடவை நான் காதுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு உட்காரவில்லை. அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்தேன்.

கடைசியாக அளந்தபோது வாய் 38 மில்லிமீட்டர் திறந்தது. மூன்று விரல், கொஞ்சம் இடித்துக்கொண்டு போகிறது. போன தீபாவளிக்கு அத்தை முறுக்கு மாவில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து, வெண்ணெயை இரண்டு மடங்கு போட்டுப் பிசைந்தார். "இது உனக்கு. கடிக்க வேணாம், வாயில போட்டாக் கரையும்" என்றார்.

கரையத்தான் செய்தது.